தேட வாருங்கள், தோழர்களே!

மணி ஒன்பது. டியூஷனுக்குப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். அம்மா வாசலுக்கும் தெருமுனைக்கும் நடக்கிறார். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறார்.

இங்கே நம் கையில் போன் அதிர்கிறது. தெருக்காரர்கள் குழு. பள்ளிப் பெற்றோர் குழு. நம் கிளைக் குழுவும்தான். முதலில் பிள்ளையின் படம் வருகிறது. அடுத்து கும்பிட்ட கைகள் வருகின்றன. அதற்கடுத்து தீர்ப்பு வந்துவிடுகிறது.

“யார்கூடயோ போயிருக்கும்.”

“அம்மாக்காரி வேலைக்குப் போறா. கண்டிக்க வீட்ல ஆள் ஏது?”

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க போனு?”

“வளர்ப்பு சரியில்ல.”

படித்தீர்கள். எல்லோருமே படித்தோம். நீல டிக் விழுந்துவிட்டது. அதற்குமேல் என்ன செய்தோம்?

கேட்கிறேன், தோழர். இந்த முதல் மணி நேரத்தில் அந்தத் தாயின் பக்கம் நின்று ஒரு வரி எழுத நமக்கு நெஞ்சு இருக்கிறதா, இல்லையா?

நடப்பது அநீதி என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறோமே, அதைத்தான் இன்று பேச வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 83,350 சிறார்கள் காணாமல் போனதாகப் பதிவாகியிருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. அவர்களில் 62,946 பேர் பெண் பிள்ளைகள். மொத்தத்தில் ஒரு நாளைக்கு 200 சிறார்களுக்கு மேல். நேற்றும் போனார்கள். இன்றும் போகிறார்கள். இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா வாசலுக்கு வந்து நிற்பார்.

காணாமல் போனவர்களில் பெரும்பாலோர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். இதையும் மனதில் வையுங்கள். தேடினால் கிடைக்கிறார்கள், தோழர்! சீக்கிரம் தேடினால் முழுதாகக் கிடைக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அந்த மணி நேரத்தைத்தான் நாம் வம்பு பேசித் தீர்க்கிறோம்.

இது பதிவான கணக்கு. பதிவாகாமல் போனவை? அந்த வீடுகள் ஏன் போலீசுக்குப் போகவில்லை?

நம் வாய்க்குப் பயந்து, தோழர். நம் வாய்க்குப் பயந்து!

ஒரு பெண் பிள்ளை காணாமல் போனதும் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். “வெளியே மூச்சு விடாதே” என்கிறார் பாட்டி. “நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சி ஆக வேண்டாமா?” என்கிறார் பெரியப்பா. சொந்தக்காரர் வீடுகளுக்குப் போன் போடுகிறார்கள். “பாப்பா அங்க வந்தாளா?” என்று நேராகக் கேட்க முடியவில்லை. “சும்மாதான் கூப்பிட்டேன், எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, எதிர்முனையில் பிள்ளையின் குரல் கேட்கிறதா என்று காது கொடுக்கிறார்கள். ஓர் இரவு போகிறது. ஒரு பகல் போகிறது. பஸ் ஸ்டாண்ட் கேமராவில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கிறது. அவளைப் பார்த்த கண்டக்டர் ஷிஃப்ட் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்.

மானம் போய்விடும் என்ற பயம் அந்த வீட்டில் தானாக முளைக்கவில்லை. போன வருஷம் பக்கத்துத் தெருப் பிள்ளை காணாமல் போனபோது நாம் என்ன பேசினோம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

ஹாஜிப்பூர் நினைவிருக்கிறதா, தோழர்களே? தெலங்கானா, யாதாத்ரி புவனகிரி மாவட்டத்துச் சின்னக் கிராமம். 2019 ஏப்ரலில் ஒரு பள்ளி மாணவி வீடு திரும்பவில்லை. ஊரே தேடியது. கைவிடப்பட்ட ஒரு கிணற்றில் உடல் கிடைத்தது. தோண்டினார்கள். அங்கே இன்னொரு இளம்பெண்ணின் உடலும் கிடந்தது. அவள் காணாமல் போனது மார்ச் மாதம். வீட்டில் புகார்கூடக் கொடுக்கவில்லை. யாருடனோ போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். விசாரணை இன்னும் பின்னால் போனது. 2015-இல் காணாமல் போன ஒரு சிறுமியின் எலும்புகளும் அந்த மண்ணிலிருந்தே வந்தன.

மூன்று பிள்ளைகள். ஒரே ஊர்ப்பக்கம். ஒரே ஆள். 2020 பிப்ரவரியில் நல்கொண்டா நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்றது.

மார்ச்சில் போனவளுக்காக ஊர் திரண்டிருந்தால்? அவள் அப்பா கூச்சமில்லாமல் ஸ்டேஷன் படி ஏறியிருந்தால்? “நாங்களும் வர்றோம், வாங்க” என்று நான்கு பேர் கூட நடந்திருந்தால்? ஏப்ரலில் போன பிள்ளை இன்று கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அந்தத் தகப்பனைக் குறை சொல்லாதீர்கள். அவரை அப்படி நினைக்கப் பழக்கிய நாக்குகளைக் கேளுங்கள். அந்த நாக்குகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. நம் குழுவிலும் இருக்கின்றன.

எதிர்த்து எழுதுங்கள்! எழுதாமல் நகராதீர்கள்!

துணிந்து ஸ்டேஷனுக்குப் போகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? “ரெண்டு நாள் பாருங்கம்மா, தானா வந்துரும்.” “லவ் மேட்டர் ஏதாவது இருக்கா?” “சொந்தக்காரங்க வீட்லயெல்லாம் தேடிட்டு வாங்க.” நம் குழுவில் ஒன்பது மணிக்கு எழுதப்பட்டது, பத்து மணிக்கு ரைட்டர் மேஜையில் பேசப்படுகிறது. ஊர் பேசும் பேச்சு, கடமையைச் செய்யாதவருக்கு வசதியான சாக்கு.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை, தோழர்களே! 2013 மே 10 அன்று, பச்பன் பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக உத்தரவிட்டது. 18 வயது நிரம்பாத பிள்ளையைக் காணவில்லை என்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும். கடத்தல் என்ற அனுமானத்தில்தான் விசாரணை தொடங்க வேண்டும். நான்கு மாதத்தில் பிள்ளை கிடைக்கவில்லை என்றால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். 24 மணி நேரம் காத்திரு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போ என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது.

புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். அது கட்டணம் இல்லாமல் கிடைக்க வேண்டியது. கிடைக்கும்வரை பெஞ்சை விட்டு எழாதீர்கள்.

அந்தத் தாய் தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். நாம் ஐந்து பேர் கூட நின்றால் விரட்ட முடியாது. கணக்கு இவ்வளவுதான்.

நிதாரி எப்படி நடந்தது? நொய்டாவில், தலைநகர் தில்லிக்குப் பக்கத்தில். கூலித் தொழிலாளர் பிள்ளைகள், வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் போலீசிடம் நடையாய் நடந்தார்கள். ஓடிப்போயிருப்பார்கள் என்று அனுப்பிவைத்தார்கள். ஓர் இளம்பெண்ணின் தந்தை நீதிமன்றம் வரை போய்த்தான் வழக்கைப் பதிவு செய்யவைத்தார். 2006 டிசம்பர் கடைசியில் ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையிலிருந்து எலும்புகள் வந்தன. அதற்குப் பிறகு நாடே அழுதது. பிறகு? 2023-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணையின் லட்சணத்தைக் கடுமையாகச் சாடி, குற்றம்சாட்டப்பட்டவர்களை அந்த வழக்குகளிலிருந்து விடுவித்தது. முதல் நாளில் தேடாத வழக்கு கடைசி நாளிலும் நிற்கவில்லை. அந்தப் பெற்றோர் இன்றும் கேட்கிறார்கள்: அப்படியானால் எங்கள் பிள்ளைகளைக் கொன்றது யார்?

ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் தேடல் தாமதமாகும். தலித் வீட்டுப் பிள்ளை என்றால் இன்னும் தாமதமாகும். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவரின் பிள்ளை என்றால் புகாரை எழுதி வாங்கவே ஆள் இருக்காது. தீர்ப்பு மட்டும் எல்லோருக்கும் உடனே வந்துவிடும்.

பணக்கார நாட்டில் மட்டும் வேறு மாதிரியா? 2002 மார்ச் 21. இங்கிலாந்தின் சர்ரே. 13 வயது மில்லி டௌலர் பள்ளியிலிருந்து வீடு திரும்பவில்லை. போலீசின் சந்தேகம் அவள் அப்பா மேல் விழுந்தது. வீட்டைக் குடைந்தார்கள். பத்திரிகைகள் குடும்பத்தை மேய்ந்தன. நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு என்ற பத்திரிகைக்காக, காணாமல் போன அந்தக் குழந்தையின் குரலஞ்சலையே திருட்டுத்தனமாகக் கேட்டார்கள். கொலைகாரன் எங்கே இருந்தான்? அவள் கடைசியாகக் காணப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு வாடகை வீட்டில். போலீஸ் பல முறை அந்தக் கதவைத் தட்டியது. திறக்கவில்லை. திரும்பிப் போனார்கள். அவன் 2003-இல் ஓர் இளம்பெண்ணைக் கொன்றான். 2004-இல் இன்னொரு பெண்ணைக் கொன்றான். மில்லி வழக்கில் அவனுக்குத் தண்டனை கிடைத்தது 2011-இல். அந்த வழக்கிலும் கூண்டில் ஏறிய அப்பாவையும் அம்மாவையும் கேள்விகளால் கிழித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அந்தப் பத்திரிகை மூடப்பட்டது.

அன்று அதைச் செய்ய ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம் தேவைப்பட்டது. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அது இருக்கிறது.

இங்கே பாருங்கள். பிள்ளையின் படத்தோடு அப்பாவின் போன் நம்பரையும் போட்டு அனுப்புகிறோம். நல்ல எண்ணம்தான். அந்த நம்பருக்கு என்ன அழைப்புகள் வருகின்றன என்று யாராவது கேட்டதுண்டா? “புள்ள எங்ககிட்டதான் இருக்கு, பணம் போடு” என்று ஒருவன். ஆபாசமாகப் பேசிவிட்டு வைக்கும் இன்னொருவன். “ஒழுங்கா வளர்த்திருந்தா இப்படி ஆகுமா?” என்று அறிவுரை சொல்ல ஒருவர். மணியடிக்கும் ஒவ்வொரு முறையும் மகளாக இருக்குமோ என்று எடுக்கிறார் அந்த மனிதர். ஒவ்வொரு முறையும் எடுக்கிறார். எடுக்காமல் இருக்க முடியாது அவரால்.

யூடியூப்காரர் வீட்டு வாசலில் மைக்கோடு நிற்கிறார். அம்மா அழுதால் நடிக்கிறாள். அழாவிட்டால் கல்நெஞ்சக்காரி. தலை சீவியிருந்தால் “இந்த நேரத்துல மேக்கப்பா?” பேசினால் விளம்பரம். பேசாவிட்டால் மறைக்கிறாள். எப்படி நின்றாலும் குற்றவாளி! அவர் எப்படி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், தோழர்?

பெற்றோர் மேல் ஊர் எழுதும் தீர்ப்பு வெறும் பேச்சோடு நிற்பதில்லை. தருமபுரி நமக்கு அதைக் காட்டியது. 2012-இல் ஒரு பெண் தலித் இளைஞரான இளவரசனை மணந்துகொண்டு வீட்டை விட்டுப் போனாள். அவள் அப்பாவைச் சாதிக்காரர்கள் பேசிய பேச்சு கொஞ்சமா? “பொண்ணை அடக்கத் தெரியாதவன்” என்று பேசிப் பேசியே ஒரு மனிதரைச் சாவுக்குத் தள்ளினார்கள். அவர் உடலை வைத்தே கும்பல் சேர்த்தார்கள். நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டாம்பட்டி என மூன்று காலனிகளைக் கொளுத்தினார்கள். 250-க்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். ஒரு தகப்பனின் வளர்ப்பைப் பற்றிய வம்புப் பேச்சில் தொடங்கிய நெருப்பு எதுவரை போயிற்று என்று பாருங்கள். “அந்தக் காலனிப் பையன்கூடதான் போயிருப்பா” என்று குழுவில் ஒருவர் எழுதும்போது, அவர் ஊகம் சொல்லவில்லை. எந்தத் தெருவைக் கொளுத்த வேண்டும் என்று கைகாட்டுகிறார்.

அந்த வரியைப் பார்த்தவுடன் நிறுத்துங்கள். அங்கேயே நிறுத்துங்கள். எழுதியவர் உங்கள் மாமாவாக இருந்தாலும் நிறுத்துங்கள். நம் கிளைச் செயலாளராக இருந்தாலும் நிறுத்துங்கள்!

அத்திமூரையும் மறக்காதீர்கள். 2018 மே. திருவண்ணாமலை மாவட்டம். பிள்ளைபிடிக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று போனுக்குப் போன் பறந்த நாட்கள். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளைபிடிக்காரி என்று அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு செய்தியை ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது. கம்பெனி போட்ட கட்டுப்பாடு ஐந்து. நாம் போட வேண்டியது பூஜ்யம். உறுதி செய்யாததை ஒருவருக்கும் அனுப்பாதீர்கள்.

சில தோழர்கள் கேட்பார்கள்: பெற்றோரே குற்றவாளியாக இருந்தால்? நியாயமான கேள்வி. ஆணவக் கொலைகள் நடக்கிற மண் இது. வீட்டில் அடி தாங்காமல் ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 15 வயதில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மார்க் ஷீட்டுக்குப் பயந்து ரயிலேறிய பையன்கள் இருக்கிறார்கள். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், கண்ணால் பார்த்தது ஏதாவது இருந்தால், விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் சொல்லுங்கள். எழுத்தில் கொடுங்கள், கையெழுத்துப் போடுங்கள். அதற்குத்தான் தைரியம் வேண்டும். 200 பேர் இருக்கும் குழுவில் “வீட்லயே ஏதோ பிரச்சினையாம்” என்று போட்டுவிட்டு ஒதுங்க எந்தத் தைரியமும் வேண்டாம்.

இன்னொன்று. அடிக்குப் பயந்து ஓடிய பிள்ளையை எழும்பூர் ரயில்வே ஸ்டேஷனில் பார்த்தால் படம் எடுத்துப் போடாதீர்கள். பிள்ளை நிற்கும் இடத்தை ஊருக்கே காட்டிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையினரைக் கூப்பிடுங்கள், 1098-ஐக் கூப்பிடுங்கள். அந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யட்டும். நம் கோபம் பெற்றோர் மேலும் இல்லை, பிள்ளை மேலும் இல்லை. பிள்ளை உயிரோடு வேண்டும். முதலில் அது.

பிள்ளை கிடைத்த பிறகும் நம் வேலை முடியாது. அவள் திரும்பி வந்து, பரீட்சை எழுதி, வேலைக்கும் போய்விட்டாள். அவள் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. “இந்தப் பெண்ணைக் காணவில்லை, ஷேர் செய்யவும்.” பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் போனையும் பார்க்கிறார், அவள் முகத்தையும் பார்க்கிறார். எங்கே போயிருந்தாள், யாரோடு இருந்தாள் என்று கேட்க ஊரில் எல்லோருக்கும் உரிமை வந்துவிட்டது போல. கிடைத்துவிட்டாள் என்று தெரிந்த நிமிடமே படத்தை அழியுங்கள். அனுப்பியவரைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கள். எங்கே போனாய் என்று அவளைக் கேட்காதீர்கள். அவள் அம்மாவையும் கேட்காதீர்கள். கொடுமைக்கு ஆளான சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன.

தோழர்களே, பேசாமல் இருப்பவர் நடுவில் நிற்கவில்லை. 200 பேர் குழுவில் ஐந்து பேர் வம்பு எழுதுகிறார்கள். 195 பேர் படித்துவிட்டுப் போகிறார்கள். அந்த 195 பேரின் மௌனத்தைத்தான் அந்தத் தாய் சம்மதம் என்று வாசிக்கிறார். ஐந்து பேரை அவரால் மறக்க முடியும். ஒரு வார்த்தையும் சொல்லாத உங்களை மறக்க முடியாது. நாளைக்குக் கடையில், ரேஷன் வரிசையில், பள்ளி வாசலில் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியவர் அவர்.

ஒரு வரி போதும். “தேடுவதற்கு உதவி வேண்டும், ஊகம் வேண்டாம்.” எழுதுங்கள். மறுபடி யாராவது பேசினால் மறுபடி எழுதுங்கள். நிர்வாகி நீங்கள் என்றால் அந்தச் செய்தியை அழியுங்கள். கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவர் வெளியேறட்டும். ஒரு ஆள் எழுதினால் பத்துப் பேர் எழுதுவார்கள். அந்த ஒரு ஆள் நீங்களா என்பதுதான் கேள்வி.

பிறகு போனைக் கீழே வையுங்கள். கால் வேண்டும் இப்போது, கை வேண்டும். இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள், கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் ரயில்வே ஸ்டேஷனுக்கு. ஒரு பெண் தோழர் அந்த அம்மாவோடு இருக்கட்டும், விடியும்வரை இருக்கட்டும். அப்பாவின் போனை வேறு ஒருவர் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கேட்டு வரும் நம்பர்களைக் குறித்துப் போலீசிடம் கொடுங்கள். மைக்கோடு வருகிறவரை வாசலிலேயே மறியுங்கள். பிள்ளையின் சிநேகிதர்களிடம் பேசச் சின்ன வயதுத் தோழர்கள் போகட்டும், மிரட்டாமல் கேட்கட்டும். மீதிப் பேர் எல்லோரும் அந்த அப்பாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு. உச்ச நீதிமன்ற உத்தரவின் தேதியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: 2013 மே 10. எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

மணி ஒன்பதரை ஆகிவிட்டது, தோழர். செருப்பை மாட்டுங்கள். கிளம்புங்கள்!